எல்.இ.டி. பட்டை விளக்கு: வீட்டில் சோதிப்பதும் அதைத் தமிழில் விளக்கி எழுதுவதும்

தீபாவளிக்கு வாசல் வளைவிலும் சாமி மேடையிலும் ஒட்டுவதற்கு எல்.இ.டி. பட்டை விளக்கு வாங்காத வீடு இப்போது குறைவு. சுருளாக வரும், பின்பக்கப் பசைத்தாளை உரித்து ஒட்டினால் வேலை முடிந்தது. ஆனால் பெட்டிக்குள் இருக்கும் பட்டையும் அதோடு வரும் அடாப்டரும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகுமா என்று பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. ஒத்துப்போகாத அடாப்டர் சூடேறும். அதுவும் திரைச்சீலைக்குப் பின்னால், அலமாரிக்கு அடியில், இரவெல்லாம் யாரும் பார்க்காத இடத்தில் சூடேறும். ஒட்டுவதற்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்கிச் சோதித்துப் பாருங்கள் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இதைத் தமிழாசிரியர் ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். விளக்கக் கட்டுரை என்றாலே நம் மாணவர்கள் "நன்மைகள், தீமைகள், முடிவுரை" என்று ஒரே தடத்தில் ஓடுகிறார்கள். தன் கையால் செய்த ஒரு வேலையைப் படிப்படியாக விளக்கு என்றால் தடுமாறுகிறார்கள். இன்னொன்று, சொல். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை அறிவியலைத் தமிழில் படித்த பிள்ளை, இடைநிலைப்பள்ளிக்கு வந்ததும் வோல்தான், ஆருஸ், ரின்தாங்கான், குவாசா என்று மலாயில் படிக்கத் தொடங்குகிறது. நான்காம் படிவத்தில் "டீச்சர், வோல்தானுக்குத் தமிழ்ல என்ன?" என்று கேட்கும். தெரியாத சொல் அல்ல. மூன்று வருடமாகப் பயன்படுத்தாத சொல். இந்தச் சோதனையில் அந்த நான்கு சொற்களும் வேண்டியபோதெல்லாம் வந்துகொண்டே இருக்கும்.

முதலில் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். இங்கே சொல்வதெல்லாம் 5, 12, 24 வோல்ட் பட்டைகளுக்கு மட்டும். அடாப்டர் இல்லாமல் நேராகச் சுவர் மின்சாரத்தில் செருகும் பட்டைகளும் விற்கிறார்கள். அவற்றைச் சோதனைக்கு எடுக்கவே வேண்டாம். அதன் செம்புத் தடத்தில் ஓடுவது நம் வீட்டின் 230 வோல்ட் மின்சாரம். அதில் மீட்டர் முனையை வைப்பது விளையாட்டல்ல. அடாப்டரின் மூடியையும் திறக்கக் கூடாது. மாணவர்கள் செய்தால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

தேவையான பொருள் அதிகமில்லை. ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டர் ஒன்று, கைப்பேசி, ஒரு வெள்ளைத்தாள், ஒரு பென்சில், எழுதிவைக்க நோட்டுப் புத்தகம். அடாப்டரின் உருளைச் செருகியைத் திருகு முனையாக மாற்றும் சின்னப் பச்சை இணைப்பி ஆணும் பெண்ணுமாக ஒரு ஜோடி இருந்தால் வேலை சுலபம்.

நான்கு சொற்கள்

மின்னழுத்தம் என்பது மின்சாரத்தைத் தள்ளும் விசை போன்றது, வோல்ட்டில் அளக்கிறோம். மின்னோட்டம் என்பது உண்மையில் ஓடும் அளவு; ஆம்பியரில் அளக்கிறோம். மின்தடை அந்த ஓட்டத்தை மட்டுப்படுத்துவது, அலகு ஓம். திறன் என்பது ஒரு விநாடியில் எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்பது, அலகு வாட். மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் திறன். இந்தக் கட்டுரைக்கு இவ்வளவு கணக்குப் போதும்.

இலக்கணம் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. மின் + ஓட்டம் என்பதில் தனிக்குறிலுக்குப் பின் வரும் ஒற்று உயிரெழுத்துக்கு முன் இரட்டிப்பதால் மின்னோட்டம், மின்னழுத்தம் என்று வருகிறது. மின்தடைக்குப் பழைய புணர்ச்சிப்படி வேறு வடிவம் வரும். யாரும் எழுதுவதில்லை, எழுதினால் புரியப்போவதும் இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல், நாளிதழில் "மின்தடை" என்றால் கரண்ட் போய்விட்டது என்று பொருள். கட்டுரையில் இரண்டும் வருமானால் கரண்ட் போனதை "மின்வெட்டு" என்று எழுதிக் குழப்பத்தைத் தவிர்க்கலாம். திறன், ஆற்றல் இரண்டையும் பேச்சில் நாம் ஒன்றாகப் போட்டுக்கொள்கிறோம். அறிவியலில் அவை வேறு வேறு. விளக்கின் திறன் 24 வாட். அது ஒரு மணி நேரம் எரிந்தால் செலவாகும் ஆற்றல் 24 வாட்-மணி.

பெட்டியைப் படிப்பது

மீட்டரைத் தொடும் முன் கண்ணால் செய்யும் சோதனை. பட்டையின் மேல் அச்சிட்ட மின்னழுத்தமும் அடாப்டரின் மேல் "வெளியீடு" என்று போட்ட மின்னழுத்தமும் ஒன்றாக இருக்க வேண்டும். 12 வோல்ட் பட்டையில் 24 வோல்ட் அடாப்டரைச் செருகினால், சில கணம் கண்ணைப் பறிக்கும்படி எரிந்து கருகிப் போகலாம். உருளைச் செருகி இரண்டுக்கும் ஒரே அளவில் இருப்பதால் இந்தத் தவறு நடப்பது எளிது.

அடாப்டரில் சிரிம் சான்று வில்லை இருக்கிறதா என்று பாருங்கள். செருகியையும் பாருங்கள். இணையத்தில் வாங்கும் பெட்டிகளில் இரண்டு ஊசிச் செருகி வரும். நம் சுவர்த் துளைக்கு மூன்று ஊசி. மேல் துளையில் பேனாவை விட்டு உள்ளிருக்கும் மூடியைத் திறந்து, இரண்டு ஊசியை அழுத்திச் செருகும் பழக்கம் நம் வீடுகளில் நிறைய உண்டு. அந்த மூடி சின்னப் பிள்ளைகளின் கைக்காக வைத்த காவல். செருகியும் சரியாகப் பிடிக்காது. தளர்ந்த இடத்தில் பொறி பறக்கும், சூடேறும். மூன்று ஊசி உள்ள அடாப்டரை வாங்கிவிடுவது நல்லது.

அடுத்து எல்.இ.டி.யின் எண். 3528, 2835, 5050 என்று போட்டிருக்கும். இது தர எண் அல்ல, மில்லிமீட்டர் அளவு. 5050 என்றால் 5.0 மி.மீ. நீளம், 5.0 மி.மீ. அகலம். வண்ணம் மாறும் 5050 பட்டையில் ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சில்லுகள் இருக்கும். வெள்ளைப் பட்டை அணைந்திருக்கும்போது ஏன் மஞ்சளாகத் தெரிகிறது என்று மாணவர்கள் கேட்பார்கள். உள்ளே இருப்பது நீலச் சில்லு. அதன் மேல் மஞ்சள் ஒளிர்பொருள் பூசியிருக்கிறது. நீலமும் மஞ்சளும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. பளிச்சென்ற நீல எல்.இ.டி.யை உருவாக்கியதற்காகத்தான் அகாசாகி, அமானோ, நாகாமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. சிவப்பு எல்.இ.டி. 1962-இலேயே வந்துவிட்டது, நீலத்துக்கு அத்தனை காலம் ஆனது.

கணக்கு

12 வோல்ட் பட்டையை உற்றுப் பார்த்தால் மூன்று எல்.இ.டி.க்கு ஒருமுறை கத்தரிக்கோல் குறி இருக்கும். அந்த மூன்றும் தொடராக இணைந்த ஒரு குழு. நீலச் சில்லு ஒன்றுக்குச் சுமார் 3 வோல்ட் வேண்டும். மூன்றுக்கு 9 வோல்ட்டுக்கு மேல் போய்விடும். மிச்சத்தை ஒரு சின்ன மின்தடையாக்கி எடுத்துக்கொள்கிறது. அதன் கறுப்பு முதுகில் 151 என்றோ 331 என்றோ எழுதியிருக்கும். முதல் இரண்டு இலக்கங்களை அப்படியே எழுதி, மூன்றாவது இலக்கம் எத்தனையோ அத்தனை சுழியம் சேர்க்க வேண்டும். 151 என்றால் 150 ஓம். 331 என்றால் 330 ஓம்.

5050 பட்டையில் ஒரு குழு, மூன்று வண்ணமும் சேர்ந்து, சுமார் 60 மில்லி ஆம்பியர் இழுக்கும். ஒரு மீட்டரில் 60 எல்.இ.டி. என்றால் 20 குழு. 20 × 60 = 1200 மில்லி ஆம்பியர், அதாவது 1.2 ஆம்பியர். 12 வோல்ட்டால் பெருக்கினால் மீட்டருக்கு 14.4 வாட். ஐந்து மீட்டர்ச் சுருளுக்கு 6 ஆம்பியர், 72 வாட்.

இப்போது அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். "12 வோல்ட், 2 ஆம்பியர்" என்று இருந்தால், அதனால் கொடுக்க முடிவது 24 வாட்தான். கேட்பது 72, கையில் 24. இதைத்தான் ஒத்துப்போகவில்லை என்று சொன்னேன். பெட்டியைத் திறந்த ஐந்து நிமிடத்தில், மீட்டரே இல்லாமல், பெருக்கல் கணக்கில் பிடிபட்டுவிடும் குறை இது. 3528 பட்டையாக இருந்தால் ஒரு குழுவுக்கு 20 மில்லி ஆம்பியர்தான், மீட்டருக்கு 4.8 வாட், ஐந்து மீட்டருக்கு 24 வாட். அப்போதும் 2 ஆம்பியர் அடாப்டர் மூச்சு முட்டித்தான் ஓடும். தேவையைவிட கால் பங்கு கூடுதலாகத் தாங்கும் அடாப்டரை வாங்குவது நல்ல வழக்கம்.

அளவிடுதல்

சுருளை முழுதாகப் பிரித்துத் தரையில் நீட்டிவிடுங்கள். சுருட்டியபடியே எரியவிட்டால் வெப்பம் வெளியேற வழியில்லை. பட்டை உருகவும் கூடும்.

மீட்டரின் குமிழை நேர் மின்னழுத்தத்தில் 20 வோல்ட் அளவுக்குத் திருப்புங்கள். 24 வோல்ட் பட்டை என்றால் அடுத்த அளவு. பட்டையை இணைக்காமல் அடாப்டரை மட்டும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 12-க்குச் சற்று மேலே இருக்கும். பிறகு பட்டையை இணைத்து எரியவிட்டு அதே இடத்தில் மீண்டும் அளக்கவும். வண்ணம் மாறும் பட்டையாக இருந்தால் வெள்ளையில் வைத்துத்தான் அளக்க வேண்டும். வெள்ளைக்கு மூன்று வண்ணமும் ஒருசேர எரியும். அப்போதுதான் முழுச் சுமை. சிவப்பில் வைத்துப் பார்த்துவிட்டு "எல்லாம் சரி" என்பது, கடையில் ஒரு பையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு மூன்று பையையும் தூக்கிவிடுவேன் என்பது மாதிரி. சுமையோடு அளக்கும்போது எண் 11.5-க்குக் கீழே இறங்கினால் அந்த அடாப்டரை நான் நம்ப மாட்டேன்.

மின்னோட்டத்தை அளப்பதில்தான் கவனம் தேவை. மின்னழுத்தத்தை அளக்கும்போது மீட்டர் பக்கத்தில் நின்று பார்க்கும் ஆள். மின்னோட்டத்தை அளக்கும்போது மின்சாரம் மீட்டருக்குள் புகுந்து வெளியே போக வேண்டும். ஆகவே மின்சாரத்தை அணைத்துவிட்டு, சிவப்பு முனையை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, குமிழையும் 10 ஆம்பியருக்குத் திருப்பி, அடாப்டரின் நேர் முனைக்கும் பட்டையின் நேர் முனைக்கும் நடுவில் மீட்டரை இணைத்து, அதன் பிறகே மின்சாரத்தைப் போட வேண்டும். மலிவான மீட்டர்களில் இந்தத் துளைக்கு உருகி இருக்காது. "10 விநாடிக்கு மேல் வேண்டாம்" என்று மீட்டரிலேயே அச்சிட்டிருப்பார்கள். படித்துவிட்டு அணையுங்கள். அளந்து முடித்ததும் சிவப்பு முனையைப் பழைய துளைக்கு மாற்றிவிடுங்கள். மாற்றாமல் அடுத்த முறை மின்னழுத்தம் அளக்கப் போனால் அடாப்டரின் இரு முனையையும் நேராக இணைத்ததற்குச் சமம். குறுக்குச் சுற்றாகிப் பொறி தெறிக்கும்.

இதெல்லாம் வேண்டாம் என்றால் சுவர்த் துளைக்கும் அடாப்டருக்கும் நடுவில் செருகும் வாட் மீட்டர் கிடைக்கிறது. எதையும் அறுக்காமல், திருகாமல் வாட் எண்ணைக் காட்டும். அடாப்டரின் சொந்த இழப்பும் அதில் சேர்ந்தே வரும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கோடி ஏன் சிவக்கிறது?

எனக்கு இந்தச் சோதனையில் மிகவும் பிடித்த பகுதி இது. தாராளமான அடாப்டர் ஒன்றில் ஐந்து மீட்டர்ப் பட்டையை இணைத்து வெள்ளையில் எரியவிட்டு, இரு கோடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவந்து ஒரே வெள்ளைத்தாளின் மேல் காட்டுங்கள். அடாப்டர் பக்கம் நீலம் கலந்த வெள்ளை. மறுகோடி மங்கலாக, ஆரஞ்சு கலந்ததுபோல இருக்கும். மங்குவது புரிகிறது, நிறம் ஏன் மாற வேண்டும்?

மீட்டரை மறுகோடியின் செம்புப் புள்ளிகளில் வைத்துப் பாருங்கள். இந்தக் கோடியில் 12 இருக்கும்போது அங்கே 10 வோல்ட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டையின் செம்புத் தடம் தாளைப்போல மெலிது. அதற்கும் மின்தடை உண்டு. போகிற வழியிலேயே 2 வோல்ட்டை அது தின்றுவிட்டது.

நீலக் குழுவுக்கு மூன்று சில்லுக்கும் சேர்த்து சுமார் 9.3 வோல்ட் வேண்டும். 12 வோல்ட்டில் மிச்சம் 2.7, அதை 150 ஓமால் வகுத்தால் 18 மில்லி ஆம்பியர். 10 வோல்ட்டில் மிச்சம் 0.7 மட்டும்; வகுத்தால் 5 மில்லி ஆம்பியருக்கும் குறைவு. சிவப்புச் சில்லுக்குச் சுமார் 2 வோல்ட் போதும், மூன்றுக்கு 6. 12 வோல்ட்டில் மிச்சம் 6, அதை 330 ஓமால் வகுத்தால் 18 மில்லி ஆம்பியர். 10 வோல்ட்டில் மிச்சம் 4, வகுத்தால் 12. ஆக, அதே இரண்டு வோல்ட் குறைவில் சிவப்பு மூன்றில் ஒரு பங்கை இழக்கிறது. நீலமோ கிட்டத்தட்ட நான்கில் மூன்று பங்கை இழக்கிறது. பச்சையும் நீலத்தோடு சேர்ந்து இறங்கும். மிஞ்சி நிற்பது சிவப்பு. மின்னோட்டம் குறையும்போது சில்லு கேட்கும் மின்னழுத்தமும் கொஞ்சம் குறையும் என்பதால் உண்மை எண்கள் இதிலிருந்து சற்று விலகும், காரணம் மாறாது.

தீர்வு எளிது. பட்டையின் இரு கோடிகளுக்கும் அடாப்டரிலிருந்து தடித்த கம்பி கொடுக்கலாம். அல்லது நீளத்தைக் குறைக்கலாம். நீண்ட இடம் என்றால் 24 வோல்ட் பட்டை வாங்கலாம்: அதே திறனுக்கு மின்னோட்டம் பாதி, வழியில் இழக்கும் மின்னழுத்தமும் பாதி.

வெப்பம், நிறம், சிமிட்டல்

அரை மணி நேரம் எரியவிட்டு, பட்டையின் பின்புறத்தையும் அடாப்டரையும் தொட்டுப் பாருங்கள். விரலை ஐந்து விநாடி வைத்திருக்க முடியவில்லை என்றால் அது அதிகச் சூடு. பெட்டியில் போட்டிருக்கும் ஆயுட்காலம் பெரும்பாலும் 25 பாகை வெப்பநிலையைக் கணக்கில் கொண்டது. நம் ஊர் வரவேற்பறை பிற்பகலில் 30-ஐத் தாண்டும். அலுமினியத் தடத்தில் ஒட்டினால் வெப்பம் பரவிப் போகும்.

நிறத்துக்கு வீட்டுச் சாமானே போதும். குங்குமம், மஞ்சள்தூள், பச்சை வாழை இலைத் துண்டு மூன்றையும் ஒரு தட்டில் வைத்து, பகலில் சன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை, இரவில் பட்டை விளக்கில் ஒருமுறை பாருங்கள். தரம் குறைந்த வெள்ளை விளக்கில் குங்குமம்தான் முதலில் மாட்டும். செம்மை செத்துப் பழுப்பாகத் தெரியும். சாமி மேடைக்கு 2700 முதல் 3000 கெல்வின் வரையிலான இளமஞ்சள் ஒளி நன்றாக இருக்கும் என்பது என் கருத்து. 6500 கெல்வின் படிப்பு மேசைக்குச் சரி. பூஜைக்கு மருந்தகம் மாதிரி இருக்கும்.

சிமிட்டலைப் பார்க்க, விளக்கின் முன் பென்சிலை விரைவாக இப்படியும் அப்படியும் ஆட்டுங்கள். பென்சில் மங்கலான ஒரே பட்டையாகத் தெரிந்தால் ஒளி சீரானது. விசிறி மடிப்பு மாதிரி தனித்தனிப் பென்சில்களாகத் தெரிந்தால் விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. கைப்பேசியின் மெதுவோட்டப் பதிவிலும் இது தெரியும். ஒளியைக் குறைக்கும் பொத்தான் அழுத்தியிருந்தால் சிமிட்டுவது இயல்பு. அந்தக் கருவி விளக்கை வேகமாக அணைத்து அணைத்துத்தான் ஒளியைக் குறைக்கிறது. முழு ஒளியிலும் சிமிட்டினால் அடாப்டரின் வெளியீடு சீராக இல்லை. படிக்கும் இடத்தில் அதைப் போடாதீர்கள்.

வாசலுக்கு வெளியே ஒட்டுவதாக இருந்தால் ஐ.பி. எண்ணைப் பாருங்கள். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 20 என்றால் தண்ணீருக்குப் பாதுகாப்பே இல்லை. 65 பீய்ச்சும் நீரைத் தாங்கும். பட்டையை வெட்டிய இடத்தில் அந்தப் பாதுகாப்பு போய்விடும் என்பதால் மீண்டும் அடைக்க வேண்டும். அடாப்டர் எப்போதும் வீட்டுக்குள்ளேதான்.

எழுதும்போது

சோதித்ததை எழுத மாணவரிடம் சொன்னால் முதலில் வருவது இப்படி இருக்கும்: "கரண்ட் கம்மியானதால் லைட் டிம்மாக எரிந்தது." இதில் ஆங்கிலச் சொல் இருப்பது சின்னக் குறை, எது குறைந்தது, எங்கே, எவ்வளவு என்று சொல்லாததுதான் பெரிய குறை. திருத்தினால்: "மின்னழுத்தம் 12 வோல்ட்டிலிருந்து 10 வோல்ட்டாகக் குறைந்ததால், பட்டையின் மறுகோடி மங்கலாக எரிந்தது." வோல்ட், ஆம்பியர், ஓம், வாட் எல்லாம் ஆள் பெயர்களிலிருந்து வந்த அலகுகள், அவற்றை மொழிபெயர்க்க முயல வேண்டாம்.

வினைமுற்றையும் கவனியுங்கள். செய்முறையைச் சொல்லும்போது "அளக்க வேண்டும், இணைக்க வேண்டும்". நடந்ததைச் சொல்லும்போது "அளந்தேன், குறைந்தது". ஒரே பத்தியில் இரண்டும் மாறி மாறி வந்தால் படிப்பவருக்கு அது அறிவுரையா அறிக்கையா என்று தெரியாது. "முதலில், பிறகு, அடுத்ததாக" என்பதோடு நிறுத்தாமல் "அணைத்த பிறகே", "இணைக்கும் முன்", "எரிந்துகொண்டிருக்கும்போது" போன்றவற்றைப் பழக்குங்கள். இந்தச் சோதனையில் அந்த ஏகாரத்துக்கு வேலை இருக்கிறது: மின்சாரத்தை அணைத்த பிறகு என்பதற்கும் அணைத்த பிறகே என்பதற்கும் உள்ள வேறுபாடு மீட்டரின் உயிர்.

வகுப்பில் செய்ய நினைக்கும் ஆசிரியர்கள், யு.எஸ்.பி.யில் எரியும் 5 வோல்ட் பட்டையும் ஒரு பவர் பேங்கும் கொண்டுபோங்கள். சுவர் மின்சாரமே தேவையில்லை. ஒரு குழு பட்டையின் இரு கோடிகளிலும் மின்னழுத்தத்தை அளந்து, செய்முறையைத் தாளில் எழுதட்டும். அந்தத் தாளை இன்னொரு குழுவிடம் கொடுத்து, எழுதியதை மட்டும் பார்த்துச் செய்யச் சொல்லுங்கள். எழுதிய குழு வாய் திறக்கக் கூடாது. விடுபட்ட வரி எது என்று அவர்களே தாளில் குறித்துத் திருப்பித் தருவார்கள். மின்னோட்டத்தை அளக்கும் பகுதியை மட்டும் மாணவரிடம் விடாமல் நீங்களே செய்து காட்டுங்கள்.